தாமிரபரணி கழிமுகத்துக்கு ஒருநாள் பயணம்: எங்கே நிற்பது, என்ன சாப்பிடுவது, யாரோடு போவது?

பாளையங்கால்

எல்லோருக்கும் வணக்கம். மாசிக் கடைசியில் என் அலுவலக நண்பர்கள் நாலு குடும்பம் சென்னையிலிருந்து வருகிறார்கள். பெரியவர்கள், பிள்ளைகள் சேர்த்துப் பதினாறு பேர். குற்றாலமும் பாபநாசமும் அவர்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்த முறை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, ஆறு கடலில் சேர்கிற புன்னைக்காயல் வரைக்கும் ஒரு முழு நாள் கூட்டிக்கொண்டு போக ஆசை. டெல்டா என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் மட்டும்தான் என்று இருந்தவர்கள். வாழை, வெற்றிலை, உப்பளம், பனை எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம் என்றதும் உடனே சரி என்றுவிட்டார்கள்.

ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். அவர் கொடுத்த திட்டம் இது: காலை 6 மணிக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பி கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர், நவதிருப்பதி ஒன்பது கோயில், கொற்கை, புன்னைக்காயலில் படகு, மணப்பாடு, திருச்செந்தூர், இரவு தூத்துக்குடியில் பொரிச்ச பரோட்டா. மதியச் சாப்பாடு ஏசி ஹோட்டலில். கைவினைப் பொருள் என்று போட்ட இடத்தில் ஒரு கடையின் பெயர் மட்டும் இருக்கிறது.

எனக்கு இது ஒட்டவில்லை. ஆனால் எதை விடுவது என்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்.

ஏரல்பாலம்

அண்ணாச்சி, அந்தத் திட்டத்தில் பாதி நேரம் வண்டிக்குள்தான் இருப்பீர்கள். நவதிருப்பதி மட்டுமே ஒரு நாள் வேலை. மதியம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அதையும் படகையும் மணப்பாட்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றிலும் மனசு நிற்காது.

நான் ஏரல் பக்கம் வாழை வைத்திருக்கும் குடும்பம். சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யார் வந்தாலும் கூட்டிப் போவது நான்தான். நான் வைத்திருக்கும் முறை ஒன்றே: தண்ணீர் போகிற வழியில் போக வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தொடங்க வேண்டும். தாமிரபரணியில் இருக்கும் எட்டு அணைக்கட்டில் அதுதான் கடைசி. மேலே இருக்கும் ஏழும் பழைய காலத்து அணைகள். இது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய் பிரிகிறது. பெருங்குளம், கடம்பாகுளம் மாதிரி பெரிய குளங்களுக்கு அந்தக் கால்வாய்த் தண்ணீர்தான். குளத்திலிருந்து வயலுக்கும் வாழைக்கும் போகும். இதை நேரில் பார்க்காமல் நேரே கடற்கரைக்குப் போய் நின்றால், ஏன் அந்த ஊர்களில் வாழை நிற்கிறது, ஏன் பக்கத்திலேயே உப்பளம் கிடக்கிறது என்று பிடிபடாது.

வாழைத் தோட்டத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகளுக்குத் தார் வெட்டுவது, இலை அறுப்பது, பக்கக்கன்று எடுப்பது எல்லாம் காட்டலாம். கோழிக்கூடு, கற்பூரவல்லி, ஏத்தன், சக்கை என்று வகை வகையாகக் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொல்லலாம். சென்னையில் எல்லாவற்றுக்கும் வாழைப்பழம் என்று ஒரே பேர்தானே.

பாளை வாத்தியார்

ஏரல்பாலம் தம்பி சொன்னதை ஆதரிக்கிறேன். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

இந்தக் கழிமுகத்தில் பார்க்க வேண்டிய பெரிய விஷயம், துறைமுகம் இடம் மாறிய கதை. சங்க காலத்தில் பாண்டியர்களின் முத்துத் துறை கொற்கை. கிரேக்கர்களின் பழைய கடல்வழிக் குறிப்புகளிலும் அந்த ஊர் வருகிறது. இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் கடலே தெரியாது. சுற்றிலும் வாழையும் வயலும்தான். கரை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயின. கொற்கை தூர்ந்ததும் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குதிரை இறங்கும் பெரிய துறைமுகம் என்று எழுதியது அதைத்தான். அதைப் பழையகாயல் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். பிறகு போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதற்கும் பிறகுதான் தூத்துக்குடி.

கொற்கையில் 1968-69ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. சங்கு, உறைகிணறு எல்லாம் கிடைத்தன. இப்போது போனால் பார்க்கக் கிடைப்பது வன்னி மரம், குளத்துக்குள் இருக்கும் வெற்றிவேலம்மன் கோயில், அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாத ஊர் அது. சொல்லித்தர ஆள் இல்லாமல் போனால் ஐந்து நிமிடத்தில் வண்டியில் ஏறிவிடுவார்கள். ஆள் இருந்தால் ஒரு மணி நேரம் போதாது.

டவுன்ரதவீதி

இவ்வளவுக்கும் ஆள் வைக்க வேண்டுமா? போனில் வரைபடம் இருக்கிறது. ரோடு நன்றாக இருக்கிறது. வாத்தியார் ஐயா எழுதியதை வண்டியில் படித்துக் காட்டினால் போதும். வழிகாட்டி என்று வைத்தால் அவர் நேரத்துக்கு நாம் ஓட வேண்டும், அவர் சொல்கிற கடையில் நாம் வாங்க வேண்டும். போன வருடம் நான் பட்டது அதுதான். வேறு மாவட்டம், பெயர் வேண்டாம். மூன்று கடைகளில் இறக்கிவிட்டார். மூன்றிலும் அவருக்குக் கமிஷன்.

கொடிக்கால் அக்கா

தம்பி, நீங்கள் பட்ட மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதற்காக ஆளே வேண்டாம் என்றால், எங்கள் ஊரில் நீங்கள் பார்க்கப்போவது ரோடு மட்டும்தான்.

நாங்கள் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். கொடிக்காலுக்குள் முன்பின் தெரியாதவர்கள் செருப்போடு ஏறி நடந்தால் யாருக்கும் பொறுக்காது. அகத்தியை நட்டு, அதில் கொடியை ஏற்றிக் கட்டி, ஈரம் குறையாமல் பார்த்து, பிள்ளையை வளர்க்கிற மாதிரி வளர்ப்பது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கூட்டி வந்தால் நாங்களே உள்ளே அழைத்துப்போய்க் கிள்ளிக் காட்டுவோம். நாட்டுக்கொடி எது, கற்பூரி எது, பச்சைக்கொடி எது என்று வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வோம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே வடநாட்டுக்கு வெற்றிலை போன ஊர் இது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஹோட்டலை விடுங்கள். இங்கே இரண்டு மூன்று வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருகிறார்கள். நானும் என் மதினியும் சேர்ந்து செய்வோம். அசைவம் என்றால் அன்றைக்குக் கரைக்கு வந்த மீன் எதுவோ அதில் குழம்பு. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து விட்டு, மாங்காய் போட்டது. மடவையோ கிழங்கானோ கிடைத்தால் பொரிப்போம். சைவக்காரர்களுக்குச் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். மறுவீட்டுச் சாப்பாடு வைக்கும்போது எப்படிச் செய்வோமோ அப்படியே. தேங்காய்ப்பாலில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். ஹோட்டலில் அதற்குப் பொறுமை கிடையாது, திரிந்துவிடும்.

ஒரு கோரிக்கை. பதினாறு பேருக்கு இரண்டு வகை மீன், நண்டு, இறால், கோழி, ஆடு எல்லாம் வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். என்ன கிடைக்கிறதோ அதைச் சமைக்க விடுங்கள்.

பத்தமடை பேத்தி

கைவினை என்றால் எங்கள் பாயை விட்டுவிட்டு எப்படி? தாமிரபரணிக் கரைக் கோரைதான் பத்தமடைப் பாய்க்கு மூலம். என் அப்பாவின் அம்மா கடைசிவரை நெய்தார்கள். கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் போட்டு, அப்புறம்தான் தறிக்கு வரும். முரட்டுப் பாய் வேறு, பட்டுப் பாய் வேறு. பட்டுப் பாய்க்குக் கோரையை நூல் மாதிரி மெலிசாகக் கிழிக்க வேண்டும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் தேதியையும் நெய்து கொடுப்பார்கள். அதை மடித்துக் கையில் எடுத்துப்போகலாம், முறியாது. 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போன பாய் எங்கள் ஊருடையது.

ஏற்பாட்டாளர் சொன்ன அந்தக் கடையில் பத்தமடைப் பாய் என்று விற்பதில் பாதி வெளியூர்ச் சரக்காக இருக்கும். பிளாஸ்டிக் பாயைக்கூடக் கூச்சமில்லாமல் அந்தப் பெயரில் விற்கிறார்கள். நெய்கிறவர் வீட்டிலேயே போய் வாங்குங்கள்.

ஏரல்பாலம்

அக்கா, நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்துக்கூட மறுப்பில்லை. ஆனால் பத்தமடை மேற்கே, சேரன்மகாதேவிப் பக்கம். புன்னைக்காயல் கிழக்கே கடலோரம். ஒரே நாளில் இரண்டையும் போட்டால் மறுபடி அந்த ஏற்பாட்டாளர் திட்டம் மாதிரி ஆகிவிடும். பத்தமடைப் பாயும் காருகுறிச்சி மண்பானையும் சேர்த்து மேலாற்றுக்கு மறுநாள் தனியாகப் போகட்டும். கழிமுகத்தில் கைவேலை என்றால் பனையோலைதான். அங்கே கிடைப்பதை அங்கே பார்க்க வேண்டும்.

பத்தமடை பேத்தி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் கட்டாயம் வர வேண்டும். பாளையங்கால் அண்ணன், தறியில் ஆள் உட்கார்ந்திருக்கும் வீடாகக் கேட்டு வைக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு குழு வந்து எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவை இரண்டு மணி நேரம் நெய்யச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அந்தப் பெரியம்மாவுக்கு வேலை கெட்டது. படம் எடுத்தவர்கள் ஒரு ரூபாய் தரவில்லை, ஒரு பாயும் வாங்கவில்லை. அதனால் யாரைக் கூட்டி வந்தாலும் முதலிலேயே கூலி பேசிவிடுங்கள்.

தேரிமண்

இதைத்தான் நானும் எழுத வந்தேன். உடன்குடிப் பக்கம் பனைத் தொழில் குடும்பம் எங்களுடையது. பனையேறியிடம் வந்து "அண்ணே, இன்னொரு தடவை ஏறுங்க, வீடியோ சரியா வரல" என்று சொல்கிறார்கள். ஒரு பனைக்கு நாளைக்குக் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு மனிதன் எத்தனை பனை ஏறுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டுக்கு ஏறச் சொல்வது பாவம். அவர் வேலைக்கு ஏறும் நேரத்துக்கு நாம் போய் நிற்க வேண்டும்.

பதநீர் காலம் எங்களுக்குப் பங்குனி முதல் ஆடி வரை நன்றாக ஓடும். மாசிக் கடைசி என்றால் தொடக்கம்தான், ஆனாலும் கிடைக்கும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் அது புளிக்காமல் பதநீராக நிற்கிறது. காலையில் இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டும். பட்டை பிடிப்பதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஒரு ஓலையை மடித்து நார் கட்டினால் போதும்.

விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், கருப்பட்டி காய்ச்சுவதைக் கட்டாயம் பாருங்கள். அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. பதநீரை அடுப்பில் ஏற்றி மணிக்கணக்கில் புகைக்குள் நின்று கிண்ட வேண்டும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். அந்தப் பதம் சொல்லித் தெரிவதில்லை, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். சீனி கலந்த கருப்பட்டி ஊரெல்லாம் விற்கிறது. விலை மிகக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு, ஆனால் பெயரை நம்பி வாங்குவதைவிடக் காய்ச்சுகிற இடத்தில் வாங்குவது மேல்.

ஓலைப்பெட்டி, கொட்டான், சுளகு, விசிறி எல்லாம் முடைகிற வீடுகள் ஆறுமுகநேரி, உடன்குடி, மணப்பாடு பக்கம் இருக்கின்றன. மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்துகிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், ஆத்தூர்ப் பக்கம் முடைகிற அம்மாக்கள் ஒன்றிரண்டு பேரைக் கொடிக்கால் அக்கா வீட்டுக்கே வரச் சொல்லலாம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சின்னக் கொட்டான் முடையப் பழகலாம். அவர்களுக்கு அரை நாள் கூலி, அதற்கு மேல் வாங்குகிற பொருளுக்கு விலை.

கொடிக்கால் அக்கா

வரச் சொல்கிறேன். எங்கள் பின்தெருவிலேயே இருக்கிறார்கள். ஓலையை முந்தின நாளே ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடையும்போது வெடிக்கும். அதனால் தேதியை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

புன்னைவள்ளம்

வணக்கம். புன்னைக்காயல் ஆள். எல்லோரும் அணைக்கட்டிலிருந்து கீழே வரச் சொல்கிறீர்கள். படகு வேண்டும் என்றால் அந்த வரிசை சரிப்படாது. மதியத்துக்கு மேல் காற்று ஏறிவிடும். முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் அலையும் மோதும் இடத்தில் காற்றும் சேர்ந்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக மாட்டேன். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் காலையிலும் போக மாட்டேன். மாசி நல்ல மாதம். ஆனால் காலை ஏழு மணிக்கு நீங்கள் கரையில் நிற்க வேண்டும்.

இன்னும் சில விஷயம். முகத்துவாரத்துக்கு வெளியே, கடலுக்குள், போகச் சொல்லிக் கேட்காதீர்கள். பக்கத்துத் தீவுக்குப் போகலாமா என்றும் கேட்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, நினைத்தபடி இறங்க முடியாது. ஆற்றுக் கழிக்குள், அலையாத்திக் காட்டு ஓரமாக, ஒரு மணி நேரம் போகலாம். மீன் பிடிக்கிற வள்ளம் இது, உல்லாசப் படகு கிடையாது. ஒரு வள்ளத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன். பதினாறு பேருக்கு இரண்டு வள்ளம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். 2011 கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் "சும்மா பக்கத்துலதானே" என்று ஜாக்கெட்டைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் தொழிலுக்குப் போக மாட்டோம். கோயில், வீடு என்று இருக்கும் நாள். மீனும் இராது, கரையில் வேலையும் நடக்காது. சனிக்கிழமை வந்தால் வலையிலிருந்து மீன் எடுப்பது, ஏலம் போடுவது எல்லாம் பார்க்கலாம். ஏலம் நடக்கும்போது நடுவில் நிற்காமல் ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. அப்போது வந்தாலும் எங்கள் கரையில் மீன் இருக்கும்.

பாளை வாத்தியார்

புன்னைவள்ளம் தம்பி சொன்னதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் நல்லதாக ஒன்று தோன்றுகிறது. விடியலில் நேரே புன்னைக்காயல் போய்விடுங்கள். அங்கிருந்து ஆற்றோடு மேலே ஏறி வாருங்கள். அப்படி வந்தால் காலத்திலும் பின்னோக்கிப் போவீர்கள். முதலில் 16ஆம் நூற்றாண்டின் புன்னைக்காயல். தமிழ் எழுத்தில் அச்சுப் போட்ட போர்த்துகீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார் வேலை பார்த்த ஊர் அது, 1578ல் கொல்லத்தில் அச்சான புத்தகம் அவருடையது. அடுத்து பழையகாயல். அதற்கடுத்து கொற்கை. நேரம் இருந்தால் கடைசியில் ஆதிச்சநல்லூர். ஒவ்வொரு நிறுத்தமும் முந்தியதைவிடப் பழையது. பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாகப் பாடம் நடத்த முடியாது.

ஆதிச்சநல்லூரை அவசரத்தில் பார்க்காதீர்கள். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த 114 ஏக்கர் காடு அது. 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டினார், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். 2023ல் குழிக்கு மேலே கண்ணாடி போட்டு, தாழிகள் கிடந்த இடத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நேரம் இல்லை என்றால் மறுநாள் பத்தமடைக்குப் போகும் முன் தனியாக ஒரு காலை ஒதுக்கலாம்.

ஏரல்பாலம்

ஐயா சொன்னது சரி. அணைக்கட்டைச் சாயங்காலம் பார்த்தால் வெயிலும் இராது, ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயில் நடையும் திறந்திருக்கும். பாளையங்கோட்டையில் ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பினால் போதும். தண்ணீர் வரும் வழியைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். கடலில் உப்புத் தண்ணீர், ஆத்தூரில் கொடிக்கால், கொற்கையில் வாழை, பெருங்குளத்தில் குளம், கடைசியில் இந்தத் தண்ணீரையெல்லாம் திருப்பிவிடுகிற கல் அணை. கோடையில் அந்த அணைக்குக் கீழே ஆறு மணலாகக் கிடக்கும், அதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். மேலே இருக்கிற எல்லோரும் எடுத்த பிறகு மிச்சம்தான் கழிமுகத்துக்கு.

உள்ளான்

பறவை பார்க்கிறவன். மாசிக் கடைசியில் வலசைப் பறவைகள் கொஞ்சம் இன்னும் இருக்கும். தை மாதம் வந்திருந்தால் கூட்டம் அதிகம். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் அடுத்த முறை அதில் சேரலாம். பழையகாயல் உப்பளப் பக்கம் பூநாரை வந்து இறங்கினால் பாக்கியம். கூழைக்கடாவும் ஆலாவும் பெரும்பாலும் கிடைக்கும். படகில் பாட்டுப் போடாதீர்கள். அலையாத்தி ஓரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பில் போகச் சொல்லுங்கள். சேற்றிலிருந்து குத்துக்குத்தாக நிற்கும் மூச்சு வேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இலையின் மேல் உப்புப் படிந்திருக்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மரம் உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது என்பதை அதற்குப் பிறகு மறக்க மாட்டார்கள்.

உப்பளத்துக்குள் இறங்குவதாக இருந்தால் பாத்திக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பில் மட்டும் நடக்கவும். அந்த வெள்ளைப் பரப்பில் நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணும் காலும் படும் பாட்டை வழிகாட்டி சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு மட்டும் வரக்கூடாது.

டவுன்ரதவீதி

எல்லாவற்றையும் படித்தேன். கொடிக்காலும் வள்ளமும் முடைகிற வீடும் அறிமுகம் இல்லாமல் திறக்காது என்பது புரிகிறது. அப்படியானால் ஆள் வேண்டும்தான். ஆனால் பணம் யாருக்கு எவ்வளவு என்பதை வெளிப்படையாக வையுங்கள். ஒருவர் மொத்தமாக வாங்கி, அவர் இஷ்டத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில்தான் எல்லா வில்லங்கமும்.

ஏரல்பாலம்

நியாயமான பேச்சு. நான் சொல்வது இது. என்னுடைய கூலி தனி, அதை முதலிலேயே சொல்வேன். வள்ளத்துக்கு வள்ளக்காரர் கையில், சாப்பாட்டுக்கு அக்கா கையில், ஓலை முடைகிற அம்மாக்களுக்கு அவர்கள் கையில், பதநீருக்குப் பனையேறி கையில் நீங்களே கொடுங்கள். எனக்கு யாரிடமும் கமிஷன் கிடையாது. இரவில் கணக்குக் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியது என் கூலிக்கு மட்டும்தான். சில்லறை மாற்றி எடுத்து வாருங்கள். போனில் பணம் அனுப்பும் வசதி எல்லோரிடமும் இராது, கழிக்குள் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும்.

தேரிமண்

பேரமும் வேண்டாம். ஒரு ஓலைப்பெட்டிக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறவர்கள், திரும்பும் வழியில் காப்பிக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள்.

கொடிக்கால் அக்கா

இன்னொன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேளுங்கள், சொல்வோம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள்தான் தங்கள் வீட்டு அரிசியில் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஏரல் பாலம் உடைந்தது. எங்கள் கொடிக்கால், தம்பியின் வாழை, புன்னைக்காயல் வள்ளம் எல்லாம் போயிற்று. மறுபடி கொடி ஏற்றி, அதற்கு ஈரமும் எருவும் வைத்துக் கொண்டுவருவது சின்ன வேலை இல்லை. ஆனால் "வெள்ளம் வந்த வீட்டைக் காட்டுங்க" என்று கேமராவோடு வராதீர்கள். இப்போது நிற்கிற கொடிக்காலைப் பாருங்கள், அதில்தான் எங்கள் உழைப்பு இருக்கிறது.

ஏரல்பாலம்

ஆமாம் அக்கா. என் தோட்டத்தில் தார் விட்டிருந்த வாழை எல்லாம் படுத்துவிட்டது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு வைத்தது.

பாளையங்கால்

எல்லோருக்கும் நன்றி. ஏற்பாட்டாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று இருந்ததைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். சென்னையிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்க நினைத்தவர்கள் வியாழன் இரவே ரயில் ஏறுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஓய்வு, ஞாயிறு ஆதிச்சநல்லூரும் பத்தமடையும்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, எழுபது தாண்டிய இரண்டு பெரியவர்கள் வருகிறார்கள், ஒருவருக்கு முட்டி வலி. வள்ளத்தில் ஏறி இறங்க முடியுமா? கழிப்பறைக்கு என்ன வழி? இரண்டாவது, காலைப் பலகாரம் எங்கே? ஐந்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் ஏழு மணிக்கே பசி என்பார்கள்.

புன்னைவள்ளம்

முட்டி வலிக்காரரை ஏற்ற வேண்டாம் அண்ணாச்சி. வள்ளத்தின் ஓரம் உயரம், காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டும். என் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும், அங்கிருந்தே கழி முழுக்கத் தெரியும். அம்மா வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள், பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு. கழிப்பறையும் எங்கள் வீட்டில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கொடிக்கால் அக்கா

பசிக்கு நான் வழி சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே உங்கள் வீட்டில் உளுந்தங்களி கிண்டி வைத்துவிடுங்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டினால் காலையில் ஆளுக்கு ஒரு உருண்டை, பத்து மணி வரை தாங்கும். வள்ளத்தில் ஏறும் முன் வயிறு நிறைய இட்லி தின்றால் பிள்ளைகளுக்குக் குமட்டும். வள்ளம் இறங்கி ஆத்தூர் வரும்போது ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்திருக்கிறேன். மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு. இங்கேயும் கழிப்பறை இருக்கிறது, மேல்நாட்டு முறையில் ஒன்று, பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. சைவம் எத்தனை பேர், அசைவம் எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். தேங்காய் உடைக்க அளவு தெரிய வேண்டும்.

பாளையங்கால்

சைவம் ஐந்து, அசைவம் பதினொன்று அக்கா. அதில் ஒரு பிள்ளைக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. மீன் மட்டும் கொடுக்கலாம்.

கொடிக்கால் அக்கா

சரி. அப்படியானால் இறாலும் நண்டும் அன்றைக்கு அடுப்பிலேயே ஏற்றவில்லை. மீன் மட்டும் வைக்கிறேன். புன்னைவள்ளம் தம்பி, சனிக்கிழமை உங்கள் கரையில் மடவை வந்தால் ஏலத்துக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.